கருவைத் தொடாமல் தேர்ந்தெடுக்க நாலு வழி: யாருக்கு எது, யாருக்கு எதுவும் வேண்டாம்

சோதனைக்குழாய் சிகிச்சை மையம் ஒன்றில் எம்ப்ரியாலஜிஸ்ட் நான், லேபில் கருக்களை வளர்த்துப் பார்த்துக்கொள்பவள். முட்டை எடுத்த ஐந்தாம் நாள் காலையில் லேபிலிருந்து தம்பதிகளுக்குப் போன் செய்வது என் வேலைகளில் ஒன்று. “எட்டு முட்டை கருவானதுல நாலு பிளாஸ்டோசிஸ்ட் வந்திருக்கு” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்துவிடும்: “அதுல எது மேடம் நல்லது?”

பிளாஸ்டோசிஸ்ட் என்பது ஐந்து, ஆறு நாள் வளர்ந்த கரு. முன்பெல்லாம் பதில் எளிது. மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் போட்ட கிரேடைச் சொல்வோம். மேலே இருப்பதை வைப்போம், மிச்சத்தை உறைய வைப்போம். இப்போது படிவத்திலேயே கட்டங்கள் வந்துவிட்டன. டைம்லாப்ஸ், ஏஐ ஸ்கோர், கரு வளர்ந்த திரவத்தில் மரபணுச் சோதனை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘கருவுக்குப் பாதிப்பில்லாதது’ என்று ஒரு வரி. போன மாதம் ஒரு தம்பதி, முட்டை எடுப்பதற்கு மூன்று நாள் முன்பு, அந்தப் படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். மனைவிக்கு 31 வயது. ஸ்கேனில் பன்னிரண்டு முட்டைப்பைகள் தெரிந்தன. கணவர் எல்லாக் கட்டத்திலும் டிக் போடலாம் என்ற கட்சி. “ஒரு தடவைதான செய்யறோம், எதையும் விட்டுட வேண்டாம்” என்றார். அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “உங்க தங்கச்சியா இருந்தா எதுல மேடம் டிக் போடச் சொல்வீங்க?”

இந்தக் கேள்வி வேறு பலருக்கும் இருக்கும் என்பதால் அவர்களிடம் சொன்னதையும், அன்று நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

## முதலில் ஒரு சின்னக் கணக்கு

இந்தக் கட்டங்களில் எதுவும் கருவை மேம்படுத்தாது. மோசமான கரு நல்ல கரு ஆகாது. மாறுவது வரிசை மட்டும்தான்: எதை முதலில் கர்ப்பப்பையில் வைப்பது, எதை அடுத்து. உறைய வைத்த கருக்களில் 95 சதவீதத்துக்கு மேல் உருக்கும்போது பிழைத்துக்கொள்கிற இந்தக் காலத்தில், முதலில் வைக்காத கரு ஃப்ரீஸரில் காத்திருக்கும். ஒன்றொன்றாக எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், எந்த வரிசையில் வைத்தாலும் கடைசியில் குழந்தை கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியானால் தேர்வு எதை மிச்சப்படுத்துகிறது? டிரான்ஸ்ஃபர்களின், அதாவது கருவைக் கர்ப்பப்பையில் வைக்கும் தடவைகளின், எண்ணிக்கையை. ஐந்து கருவில் இரண்டு குழந்தையாகக் கூடியவை என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றொன்றாக எடுத்து வைத்தால், பலன் கிடைக்கச் சராசரியாக இரண்டு டிரான்ஸ்ஃபர் ஆகும். தவறே செய்யாத ஒரு கருவி இருந்தால் ஒன்றே போதும். ஆக, அப்படிப்பட்ட கருவிகூட மிச்சப்படுத்துவது சராசரியாக ஒரே ஒரு டிரான்ஸ்ஃபரை. இரண்டு கருவில் ஒன்று நல்லது என்றால் மிச்சம் அரை டிரான்ஸ்ஃபர். எட்டில் இரண்டு என்றால் இரண்டு டிரான்ஸ்ஃபர். ஒரே கரு என்றால் மிச்சம் பூஜ்யம்.

தவறே செய்யாத கருவி எங்கும் இல்லை. நல்ல கருக்களில் பத்தில் ஒன்றைத் தவறாகக் ‘கெட்டது’ என்று சொல்லி ஒதுக்கும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இரண்டு நல்ல கரு இருந்தால் இரண்டையும் இழக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. நல்லது ஒன்றே ஒன்று என்றால் பத்தில் ஒன்று. கையில் குறைவாக இருப்பவர்களுக்குத்தான் இந்தச் சோதனைகள் அதிகம் ஆறுதல் தருகின்றன. தவறினால் அதிகம் இழப்பவர்களும் அவர்களேதான்.

இதில் இன்னொரு சிக்கல். ‘எது நல்லது’ என்ற கேள்வி ஐந்தாம் நாள் வருகிறது. டிக் போட வேண்டியதோ அதற்கு முன்பே. எத்தனை பிளாஸ்டோசிஸ்ட் வரும் என்று தெரியாமல்தான் முடிவெடுக்கிறோம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கலாம். குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று, ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்துச் செய்த ஆய்வு ஏதாவது காட்டியிருக்கிறதா? நல்ல கருவைத் தவறாக ஒதுக்கும் ஆபத்து எவ்வளவு? அதற்காக லேபில் வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டும்? எத்தனை நாள் தள்ளிப்போகும்? கடைசியாகப் பணம். இது ஊருக்கு ஊர், சென்டருக்கு சென்டர் மாறுவதால் தொகையைச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘ஒரு சைக்கிளுக்கு’ (ஒரு சுற்று சிகிச்சைக்கு) என்றா ‘ஒரு கருவுக்கு’ என்றா கட்டணம் என்று கேட்டு வாங்குங்கள். பில் இங்கேதான் எகிறும்.

## மைக்ராஸ்கோப்பும் கண்ணும்

உங்கள் ரிப்போர்ட்டில் 4ஏஏ, 3பிபி என்றெல்லாம் இருக்கும். 1999-இல் கார்ட்னரும் ஸ்கூல்கிராஃப்ட்டும் கொண்டுவந்த முறை இது. முதல் எண் 1 முதல் 6 வரை: கரு எவ்வளவு விரிந்திருக்கிறது, தன் மேலோட்டை விட்டு வெளியே வந்துவிட்டதா என்பது. முதல் எழுத்து, குழந்தையாகப் போகும் உள்கொத்து எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதற்கு. இரண்டாவது எழுத்து, நஞ்சுக்கொடியாகப் போகும் வெளிச்சுவருக்கு.

இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, எல்லா லேபிலும் உண்டு, ரிசல்ட் அன்றே கிடைக்கும். குறை, அது ஒரு நிமிடத்துப் புகைப்படம் என்பது. பிளாஸ்டோசிஸ்ட் பலூன் மாதிரி. நடுநடுவே சுருங்கும், சில மணி நேரத்தில் மறுபடி உப்பும். காலை ஏழு மணிக்குப் பார்க்கிறேன், கசங்கிய காகிதம் மாதிரி கிடக்கிறது, உள்கொத்து எங்கே என்றே தெரியவில்லை. அப்போது கிரேடு போட்டால் சி. பத்து மணிக்கு அதே திரவத் துளியில் அதே கரு கும்மென்று விரிந்து, உள்கொத்து உருண்டையாகத் தெளிவாக நிற்கும். இரண்டாவது முறை பார்க்காத லேபில் அந்த சி அப்படியே உங்கள் பைலில் இருந்துவிடும். ஆளுக்கு ஆளும் மாறும். நான் பி போடுவதைப் பக்கத்து மேசைக்காரர் ஏ என்பார். ஒரு எழுத்து வித்தியாசத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பிபி கருக்களில் பிறந்த குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை, அழகு குரோமோசோமைக் காட்டாது என்பது. 21-ஆம் குரோமோசோம் மூன்று இருக்கும் கருவும் 4ஏஏ என்று நிற்கும். பெண்ணின் வயது கூடக் கூட இப்படிப்பட்ட அழகான ஏமாற்றங்கள் கூடும். 35-க்குக் கீழே பிளாஸ்டோசிஸ்ட்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் குரோமோசோம் எண்ணிக்கை தவறியிருக்கும். 40-இல் பாதியைத் தாண்டிவிடும். 43-இல் ஐந்தில் நான்கு.

இது மட்டும் போதுமென்பவர்கள்: 35-க்குள் இருப்பவர்கள், மூன்று பிளாஸ்டோசிஸ்ட்டுக்குக் கீழே எதிர்பார்ப்பவர்கள், உறைந்த கருவை ஒன்றொன்றாக வைக்கப் பொறுமையும் பணமும் இருப்பவர்கள். என் கணக்கில் வருகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தக் கூட்டம்தான்.

## டைம்லாப்ஸ்

இன்குபேட்டருக்குள்ளேயே ஒரு கேமரா. சில நிமிடங்களுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருக்கும். ஐந்து நாள் முடிந்ததும் கரு பிரிந்த கதை முழுவதும் படமாக ஓடும். பெட்டியைத் திறந்து கருவை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. 37 டிகிரி, 5 சதவீத ஆக்ஸிஜன் என்று கட்டிக்காத்த சூழல் கலையாது.

காட்ட வேண்டியவற்றை நன்றாகவே காட்டுகிறது. ஒரு செல் இரண்டாகி, இரண்டு நாலாகி வருவதுதான் முறை. சில கருக்கள் ஒரே தாவலில் மூன்றாகிவிடும். அதை நாம் மூன்றாம் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரியாது, எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். 2012-இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் ஆய்வில், இப்படி அவசரமாகப் பிரிந்த கருக்களில் கர்ப்பப்பையில் ஒட்டியவை 1.2 சதவீதம்; ஒழுங்காகப் பிரிந்தவற்றில் 20.2 சதவீதம். இந்த எண்ணை விளம்பரங்களில் அடிக்கடி பார்க்கலாம். ஆனால் தாறுமாறாகப் பிரிந்த கருக்களில் பெரும்பாலானவை ஐந்தாம் நாளுக்கு வருவதற்குள் தாமாகவே நின்றுவிடும். ஐந்தாம் நாள் வரை காத்திருக்கும் லேபில் அந்த வடிகட்டலைக் கரு தானே செய்துவிடுகிறது.

அதனால்தானோ என்னவோ, பெரிய ஆய்வுகளில் இதன் பலன் கரைந்துபோகிறது. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் ஏழு மையங்களில் ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. டைம்லாப்ஸ் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்த அணியில் குழந்தை பிறந்தது 33.7 சதவீதம். வழக்கமான முறையில் 33.0. கேமரா இன்குபேட்டரில் வளர்த்து, படத்தைப் பார்க்காமலே விட்ட அணியில் 36.6. மூன்றுக்கும் இடையே புள்ளியியல் அளவில் வித்தியாசம் இல்லை. 2023-இல் நெதர்லாந்திலிருந்து வந்த பெரிய ஆய்வும் இதையேதான் சொன்னது. பிரிட்டனில் சோதனைக்குழாய் மையங்களைக் கண்காணிக்கும் ஹெச்எஃப்இஏ, கூடுதல் சேவைகளுக்கு நிறம் கொடுத்துத் தரம் பிரிக்கிறது. டைம்லாப்ஸுக்குக் கொடுத்த நிறம் கறுப்பு. குழந்தை வாய்ப்பில் மாற்றம் எதுவும் இல்லை என்று பொருள்.

நான் இந்த இயந்திரத்தில்தான் வேலை செய்கிறேன், எனக்குப் பிடிக்கும். முன்பு சொன்ன கசங்கிய கருவை இதில் பின்னோக்கி ஓட்டிப் பார்த்து, மூன்று மணி நேரம் முன்பு அது எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம். கருவுற்றதற்கு அடையாளமான இரட்டை உட்கரு நாங்கள் பார்ப்பதற்கு முன்பே மறைந்துவிட்டாலும் படத்தில் இருக்கும். அதிகாலையில் லேபுக்கு ஓட வேண்டியதில்லை. எல்லாம் லேபுக்கான வசதிகள். அதற்கான காசை நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. சில மையங்கள் தனிக் கட்டணம் இல்லாமலே எல்லோருடைய கருவையும் இதில்தான் வளர்க்கின்றன. அங்கே தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். தனி பில் என்றால் யோசிக்கலாம்.

பில்லில் வராத செலவு ஒன்றும் உண்டு. சில மையங்கள் அந்தப் படத்தைத் தம்பதிக்குக் கொடுப்பார்கள். டிரான்ஸ்ஃபர் பலிக்காமல் போனபின் அந்த ஐந்து நாள் படத்தை இரவெல்லாம் போட்டுப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

## ஏஐ ஸ்கோர்

அதே படங்களை, அல்லது ஐந்தாம் நாள் எடுத்த ஒரே படத்தை, கணினி பார்த்து எண் போடும். பல்லாயிரம் கருக்களின் படங்களையும், அவற்றில் எது கர்ப்பமானது என்ற தகவலையும் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் மாறும் குறை இதில் இல்லை. காலையில் ஒரு மூடு, மாலையில் ஒரு மூடு கிடையாது.

2024-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வில் ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் 14 மையங்களிலிருந்து 1,066 பேர். ஒரு அணிக்குக் கருவைத் தேர்ந்தெடுத்தது ஏஐ, இன்னொன்றுக்கு எம்ப்ரியாலஜிஸ்ட். கர்ப்பம் உறுதியானது ஏஐ அணியில் 46.5 சதவீதம், மனிதக் கண் அணியில் 48.2. ஏஐ மோசமில்லை என்று நிரூபிப்பதுதான் ஆய்வின் நோக்கமே; அதைக்கூட நிரூபிக்க முடியவில்லை. நேரம் மட்டும் மிச்சமானது. ஒரு நோயாளியின் கருக்களைப் பார்க்க எங்களுக்கு 208 விநாடி, அதற்கு 21.

விளம்பரத் தாளில் ‘90 சதவீதத் துல்லியம்’ மாதிரி ஏதாவது பார்த்தால், எந்தக் கருக்களுக்கு நடுவே என்று கேளுங்கள். செத்துப்போன கருவையும் உயிருள்ள கருவையும் பிரிக்க ஏஐ எதற்கு, முதல் நாள் சேர்ந்த டிரெய்னியே சொல்வார். உங்களுக்கு வேண்டியது ஒரே மாதிரி இருக்கும் மூன்று 4ஏபி கருவுக்குள் எது என்பது. அப்படிக் கேட்டால் எண் விறுவிறுவென்று இறங்கிவிடும்.

எங்கே உதவும்? அனுபவமுள்ள எம்ப்ரியாலஜிஸ்ட் குறைவாக இருக்கும் சின்ன லேபில், இரண்டாவது கண்ணாக. இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லக் காரணமில்லை. 6.8 எடுத்த கருவை வைத்துவிட்டு 7.1 எடுத்ததை நினைத்து ஏங்க மாட்டீர்கள் என்றால் மட்டும்.

## வளர்ந்த திரவத்தில் டிஎன்ஏ

நாலில் இதுதான் மனதை இழுப்பது. அதிகம் குழப்புவதும் இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

குரோமோசோமைப் பார்க்க வழக்கமான வழி பயாப்ஸி. கருவின் வெளிச்சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து செல்களைக் கிள்ளி எடுத்து அனுப்புவார்கள். கிள்ளாமலே பார்க்க முடியுமா என்பதற்கான பதில், கரு மிதந்த துளி. கரு வளரும்போது அதன் டிஎன்ஏ துணுக்குகள் அந்தத் திரவத்தில் கசிகின்றன. குளித்த தண்ணீரைச் சோதித்துக் குளித்தவரைத் தெரிந்துகொள்வது மாதிரி. துளியின் அளவு 10 மைக்ரோ லிட்டர்; அதாவது ஒரு டீஸ்பூனில் ஐந்நூறு துளி அடங்கும்.

2020-இல் ஆய்வாளர் கார்மென் ரூபியோவின் குழு, எட்டு மையங்களில் 1,301 பிளாஸ்டோசிஸ்ட்களை வைத்துச் செய்த ஆய்வுதான் இதில் அதிகம் பேசப்படுவது. திரவம் சொன்னதும் பயாப்ஸி சொன்னதும் 78.2 சதவீதக் கருக்களில் ஒத்துப்போயின. மீதியில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில், இரண்டும் வேறு வேறு சொல்லின.

ஏன் முரண்படுகின்றன? முதல் காரணம் அம்மா. முட்டையைச் சுற்றி அம்மாவின் செல்கள் சடைசடையாக ஒட்டியிருக்கும். எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஒன்றிரண்டு தங்கும். அவற்றின் டிஎன்ஏ துளியில் கலந்தால் ரிப்போர்ட் எப்படி வரும்? ‘சாதாரணம், பெண்’ என்று வரும், ஏனென்றால் அம்மா சாதாரணமான பெண். கரு வேறு ஏதாவதாக இருக்கும். ஆய்வாளர்கள் இந்தக் கலப்படத்தைப் பல சமயம் கண்டுபிடித்ததே இப்படித்தான்: பயாப்ஸி ஆண் என்கிறது, திரவம் பெண் என்கிறது. நம் நாட்டில் கருவின் பாலினத்தைத் தெரிவிப்பது சட்டப்படி குற்றம் என்பதால் அது உங்கள் ரிப்போர்ட்டில் வராது, வரவும் கூடாது. நீங்கள் பார்ப்பது ‘சாதாரணம்’ என்ற ஒரு சொல்லை மட்டும். அது கருவைப் பற்றியதா, உங்களைப் பற்றியதா என்று அந்தச் சொல்லிலிருந்து தெரியாது. கலப்படத்தை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று மரபணு லேபிடம் கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது காரணம் நேர்மாறானது. கரு தன்னிடமுள்ள கோளாறான செல்களை வெளியே தள்ளுவதுண்டு. தள்ளிய குப்பைதான் துளியில் கிடக்கிறது என்றால், வீடு சுத்தமாகிக்கொண்டிருக்கும்போது குப்பைக் கூடையைப் பார்த்து வீட்டை எடைபோடுவது போல ஆகிவிடும்.

அப்புறம் ‘தொடாமல்’ என்ற அந்தச் சொல். கருவைக் கிள்ளவில்லை என்பது உண்மைதான். ஆனால் இதற்காக என்னவெல்லாம் மாறுகிறது பாருங்கள். விந்தணுக்கள் ஒட்டினால் அவற்றின் டிஎன்ஏவும் கலக்கும் என்பதால், தேவையில்லாதவர்களுக்கும் இக்ஸி (ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) செய்ய வேண்டியிருக்கும். நாலாம் நாள் கருவைக் கழுவிப் புதிய சின்னத் துளிக்கு மாற்ற வேண்டும். போதுமான டிஎன்ஏ கசிய அந்தத் துளியில் குறைந்தது 40 மணி நேரம் இருக்க வேண்டும். ஐந்தாம் நாள் காலையில் உறைய வைக்கத் தயாராக நிற்கும் அருமையான கருவை, சோதனைக்காக ஆறாம் நாள் வரை தள்ளிப்போடுகிறோம். ரிசல்ட் வர நாளாகும் என்பதால் அந்த மாதமே கருவை வைக்க முடியாது. எல்லாவற்றையும் உறைய வைத்து அடுத்தடுத்த மாதம்தான். அந்த மாத மருந்து, ஸ்கேன், உறைய வைக்கும் கட்டணம், உருக்கும் கட்டணம் எல்லாம் சோதனைக் கட்டணத்துக்கு மேலே. சில துளிகளில் டிஎன்ஏ போதாமல் ‘ரிசல்ட் இல்லை’ என்றும் வரும்.

இதைவிடப் பயாப்ஸியே மேலா? இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு யோசிக்க வைக்கிறது. 2019-இல் 661 பெண்களை வைத்துச் செய்த ஸ்டார் என்ற ஆய்வில், கர்ப்பம் இருபதாவது வாரத்தைத் தொட்டது பயாப்ஸி அணியில் 50 சதவீதம், கிரேடை மட்டும் பார்த்த அணியில் 46. அந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது. 2021-இல் சீனாவில் 1,212 பேரிடம் செய்த ஆய்வில் ஒவ்வொருவருக்கும் மூன்று டிரான்ஸ்ஃபர் வரை எண்ணினார்கள். குழந்தை பெற்றவர்கள் பயாப்ஸி அணியில் 77.2 சதவீதம், சாதாரண அணியில் 81.8. சோதித்தவர்களுக்கு இளம் வயதில் எதுவும் கூடவில்லை. அசல் சோதனைக்கே நிலைமை இது என்றால், அந்த அசலோடு ஐந்தில் நாலு முறை மட்டும் ஒத்துப்போகும் சோதனை என்ன கூட்டிவிடும்?

ஒரு விஷயத்தில் மட்டும் குரோமோசோம் சோதனைக்குத் தனி மதிப்பு உண்டு: கருச்சிதைவு. ஹெச்எஃப்இஏ, பயாப்ஸி வழிச் சோதனைக்குக் குழந்தை வாய்ப்பைக் கூட்டுவதில் சிவப்பும், கருச்சிதைவைக் குறைப்பதில் பச்சையும் கொடுத்திருக்கிறது. ஒன்பதாவது வாரத்தில் இதயத் துடிப்பு நின்று, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்து, மறுபடி மாதவிடாய் வரக் காத்திருந்தவர்களுக்கு அந்தப் பச்சையின் அர்த்தம் புரியும். அவர்களுக்கு என் வாக்கு பயாப்ஸிக்குத்தான். திரவச் சோதனைக்கு இன்னும் அந்தச் சான்று சேரவில்லை.

அப்படியானால் திரவச் சோதனை யாருக்கு? 38-க்கு மேல் வயது, ஐந்து ஆறு பிளாஸ்டோசிஸ்ட், பயாப்ஸிக்கு மனம் ஒப்பவில்லை அல்லது அதில் கைதேர்ந்தவர் அந்த லேபில் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தவர்களுக்கு வரிசை போட மட்டும். ‘சாதாரணம்’ முதலில், ‘அசாதாரணம்’ கடைசியில். ஒதுக்குவதற்கு அல்ல.

பரம்பரை நோய் உள்ள குடும்பங்களுக்கு, உதாரணமாகக் கணவன் மனைவி இருவருமே தலசீமியா என்ற ரத்த நோயின் கேரியர் (அந்த மரபணுக் கோளாறைச் சுமப்பவர்) என்றால், இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அவர்கள் மரபணு ஆலோசகரைப் பார்த்து, குறிப்பிட்ட நோய்க்கான பயாப்ஸிச் சோதனைக்குப் போக வேண்டும்.

## வந்து போன ஒன்று

கருவின் மூச்சையும் சாப்பாட்டையும் அளக்கும் முறைகளும் உண்டு. திரவத்தில் அமினோ அமிலம் எவ்வளவு குறைந்தது, எவ்வளவு ஆக்ஸிஜன் உறிஞ்சியது என்பன போன்றவை. அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைத் திரவத்தில் பாய்ச்சி மதிப்பெண் போடும் ஒரு கருவி பதினைந்து வருடம் முன்பு பெரிய நம்பிக்கையாக இருந்தது. முதல் கட்டுரைகள் பிரமாதம். 2012-இல் குலுக்கல் முறை ஆய்வுகள் வந்தன, எதுவும் கூடவில்லை. கருவி சந்தையை விட்டே போய்விட்டது. புதிதாக எதையாவது டிக் போடச் சொன்னால் எனக்கு அந்தக் கருவிதான் நினைவுக்கு வரும்.

## ஒரே பார்வையில்

| | குழந்தை வாய்ப்பு கூடுகிறதா | நல்ல கருவை ஒதுக்கும் ஆபத்து | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| மைக்ராஸ்கோப் கிரேடு | மற்றவற்றை ஒப்பிடும் அடித்தளம் | குறைவு | ஆளுக்கு ஆள் மாறும் | பெரும்பாலானவர்களுக்கு |
| டைம்லாப்ஸ் | இல்லை | குறைவு | லேபின் வசதிக்கு உங்கள் பணம் | தனிக் கட்டணம் இல்லாத இடத்தில் யாருக்கும் |
| ஏஐ ஸ்கோர் | இதுவரை இல்லை | வரிசைக்கு மட்டும் என்றால் குறைவு | தசமப் புள்ளி ஏக்கம் | அனுபவசாலிகள் குறைவான லேபில் |
| திரவ டிஎன்ஏ | நிரூபணமில்லை | அதிகம் | இக்ஸி, ஒரு நாள் தாமதம், எல்லாம் உறைய வைத்தல் | 38-க்கு மேல், கரு நிறைய, பயாப்ஸி முடியாதபோது |
| பயாப்ஸி, ஒப்பீட்டுக்காக | இளம் வயதில் இல்லை | உண்டு | ஒரு கருவுக்கு இவ்வளவு என்று ஏறும் கட்டணம் | திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, கூடின வயது |

## டிக் போடுவதற்கு முன்

எத்தனை கரு வரும் என்று தெரியாமல் முடிவெடுக்கும் சிக்கலுக்கு ஒரு வழி இருக்கிறது. நிபந்தனையோடு சம்மதம் கொடுக்கலாம். நாலாம் நாள் காலையில் எத்தனை கரு ஓட்டத்தில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். ‘நாலுக்குக் கீழே இருந்தால் சோதனை வேண்டாம்’ என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். துளியை எடுத்து உறைய வைத்துவிட்டு, பிறகு தேவைப்பட்டால் மட்டும் அனுப்ப முடியுமா என்றும் கேட்கலாம்.

இன்னொன்றை மறக்காமல் கேளுங்கள். ‘அசாதாரணம்’ என்று வந்த கருவை என்ன செய்வீர்கள்? சில இடங்களில் வழக்கமாக அப்புறப்படுத்திவிடுவார்கள். 2015-இல் இத்தாலியிலிருந்து வந்த ஒரு செய்திக்குப் பிறகு எங்கள் துறையே இதில் நிதானமாகிவிட்டது: சாதாரண செல்லும் கோளாறான செல்லும் கலந்தது என்று பயாப்ஸி சொன்ன கருக்களை, வேறு கரு இல்லாத 18 பெண்களுக்கு வைத்துப் பார்த்ததில் ஆறு ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்தன. நம் நாட்டின் 2021-ஆம் வருடச் சட்டப்படி கருக்களைப் பத்து வருடம் வரை உறைய வைத்திருக்கலாம். அவசரமே இல்லை.

அந்தத் தம்பதிக்கு வருவோம். 31 வயது, இதற்கு முன் கருச்சிதைவு இல்லை. என் தங்கையாக இருந்தால் எந்தக் கட்டத்திலும் டிக் போடச் சொல்ல மாட்டேன், அந்தப் பணத்தை இரண்டாவது டிரான்ஸ்ஃபருக்கு எடுத்து வைக்கச் சொல்வேன் என்றேன். கணவருக்கு முழுத் திருப்தி இல்லை. “அப்ப நாமளா எதுவும் செய்யாம விட்ட மாதிரி ஆயிடாதா?” என்று கேட்டார். அவர் மனைவி பேனாவைத் திறந்து எல்லாக் கட்டத்தையும் குறுக்கே அடித்தார். படிவத்தின் ஓரத்தில் தமிழில் ஒரு வரி எழுதினார்: ‘எங்களைக் கேட்காமல் எந்தக் கருவையும் அப்புறப்படுத்தக் கூடாது.’ அதற்குக் கீழே முதலில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைக் கணவர் பக்கம் நகர்த்தினார்.